பச்சை மூடி, மஞ்சள் மூடி

கறிவேப்பிலைச் செடியின் மூட்டில் ஐந்து வெள்ளை மாத்திரைகள் கிடந்தன. ராத்திரி பெய்த மழையில் மூன்று கரைந்து மாவாகியிருந்தன. இரண்டு முழுசாகவே இருந்தன. மீன்கறிக்கு இலை பறிக்கப் போன ஷைஜா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிரஷர் மாத்திரை. அந்த வீட்டில் பிரஷர் உள்ள ஆள் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய மாமியார் லீலாபாய்.

"மாமி, இது என்ன?"

அடுக்களை வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்த லீலாபாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சுண்ணாம்பாட்டு இருக்கும்."

"சுண்ணாம்புக்கு நடுவுல கோடு போட்டிருக்குமா?"

துருவல் நின்றது. லீலாபாய்க்கு அறுபத்தேழு வயது. கள்ளம் சொல்லி மாட்டிக்கொண்டால் கோபப்படுவது அவளுடைய பழக்கம். அன்று கோபப்படவில்லை என்பதே ஷைஜாவுக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு இனி அது வேண்டாம் மக்கா. நான் வெள்ளம் குடிக்கேன்" என்றாள், ஞானஸ்நானம் எடுத்தவளைப் போலச் சாந்தமாக. அந்த ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

மணவாளக்குறிச்சியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி அவர்கள் வீடு. மகன் ஞானசிங் மணல் ஆலையில் வேலை பார்த்தான். மருமகள் ஷைஜா ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர். பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் செல் சவ்வைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். அதன் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் வரைவாள். அந்த வீட்டுக்குள்ளேயே செல் சவ்வு இப்படி வம்பு பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் என்று அவள் நினைத்ததில்லை.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ராகேல் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. அனில்குமார் என்று ஒருவர் டை கட்டி, ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கிணற்று வெள்ளத்தை அந்த மிஷினில் ஊற்றினால் அது வேறு வெள்ளமாகி வருமாம்.

"சாதா வெள்ளம் கும்பல் கும்பலாத்தான் இருக்குமாம்" என்றாள் லீலாபாய். "செல்லுக்க வாசல்ல வந்து ஒண்ணுக்கொண்ணு நெரிச்சுக்கிட்டு, உள்ள போவ முடியாம திரும்பிப் போயிருமாம். மிஷின் வெள்ளம் அப்படி இல்ல. ஒவ்வொண்ணா வரிசையில நின்னு உள்ள போவும். செல்லுக்க கதவெல்லாம் திறந்துரும். பிரஷரும் சுகரும் ஓடிரும்."

"மாமி, எந்த வெள்ளமும் வரிசையிலதான் உள்ள போவும். குளத்து வெள்ளத்தக் குடிச்சாலும் வரிசையிலதான் போவும்."

"நீ கண்டியா?"

கண்டவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன் என்று சொன்னால் மாமியிடம் எடுபடாது. ஷைஜா காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் படம் வரைந்தாள்.

"இது செல்லுக்க சவ்வு. ரெண்டு அடுக்கு. கொழுப்புல செஞ்சது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலை, ரெண்டு வாலு. தலைக்கு வெள்ளம் பிடிக்கும். வாலுக்கு வெள்ளத்தக் கண்டாலே ஆவாது. அதனால வாலு எல்லாம் உள்பக்கமா ஒளிஞ்சுக்கிடும், தலை ரெண்டு பக்கமும் வெளிய நிக்கும்."

"உங்க மாமனாரு மாதிரி" என்றாள் லீலாபாய். "கடலுக்குப் போனா தலையில மட்டும் கொஞ்சம் தெளிச்சுக்கிடுவாவ. காலு நனையாது."

"இந்தச் சவ்வுல நடுவுல நடுவுல புரதம் குத்தி நிக்கும். அதுல சிலது வாசல். சிலது பம்பு. வெளிய கிடக்கதப் பிடிச்சு உள்ள தள்ளும், உள்ள கிடக்கத வெளிய தள்ளும். சிலது காலிங் பெல் மாதிரி. வெளிய வந்து ஒருத்தன் அமுக்குனா உள்ள வேல தொடங்கும். எல்லாவனும் எல்லா வாசல்லயும் போவ முடியாது. வெள்ளத்துக்குன்னு தனி வாசல் உண்டு. அதுல ஒரு நேரத்துல ஒண்ணுதான் நுழையும், அவ்வளவு ஒடுக்கம். ஆனா ஒரு செகண்டு ஆவும்போ நூறு கோடி உள்ள போயிருக்கும்."

"சரி."

லீலாபாய் 'சரி' என்றதில் ஷைஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பள்ளியில் இவ்வளவு கவனமாக ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

"இன்னா இருக்கு பாருங்க, இது கால்சியத்துக்க வாசல். ரத்தக் குழாயச் சுத்தி ஒரு தசை உண்டு. அந்தத் தசைக்க செல்லுல இந்த வாசல் திறந்து கால்சியம் உள்ள போச்சுன்னா தசை இறுகும். குழாய் சுருங்கும். பிரஷர் ஏறும். நீங்க கறிவேப்பிலைக்குப் போட்டியள்ளா ஒரு மாத்திரை, அது நேரா போயி இந்த வாசல்ல அடைச்சு உக்காரும். கால்சியம் அவ்வளவா உள்ள போவாது. குழாய் தளரும். பிரஷர் இறங்கும்."

லீலாபாய் தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்போ அனில் சார் சொன்னது சரிதான" என்றாள்.

"என்ன சரி?"

"மாத்திரை வாசல அடைக்கும். வெள்ளம் வாசலத் திறக்கும். வாசல அடைச்சு வச்ச வீட்டுல மனுஷன் இருப்பானா மக்கா? காத்து வரண்டாமா?"

ஷைஜா பேனாவை மூடி வைத்தாள். பதினோரு வருஷப் பாடம் ஒரு நிமிஷத்தில் அனில்குமார் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் ஞானசிங் பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து அம்மையின் கையில் சுற்றினான். நூற்று எழுபதைத் தாண்டிக் காட்டியது. "மிஷின் பழசு" என்றாள் லீலாபாய். தன் கையில் சுற்றிப் பார்த்தான். சரியாகத்தான் காட்டியது. "உனக்குச் சரியாக் காட்டும். அது உனக்கு வேண்டப்பட்ட மிஷின்லா" என்றாள். அவன் ஷைஜாவைப் பார்த்து, "நீதான டீச்சரு, நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

ஆனாலும் ஷைஜா விடவில்லை. மாமியை அப்படி என்னதான் மயக்கியது என்று பைய விசாரித்தாள். அப்போதுதான் பீட்ரூட் கதை வெளியே வந்தது.

"ரெண்டு கண்ணாடி கிளாஸ். ஒண்ணுல ராகேலுக்க கிணத்து வெள்ளம். ஒண்ணுல மிஷின் வெள்ளம். ரெண்டுலயும் பீட்ரூட்டு துண்டு போட்டாரு. கிணத்து வெள்ளம் அப்படியே கிடக்கு. மிஷின் வெள்ளம் கண்ணு முன்னால செக்கச்செவேல்னு ஆயிட்டு. 'பாத்தியளா, செல்லுக்குள்ள கிடந்த விஷத்த எல்லாம் வெளிய கொண்டு வந்துட்டு'ன்னாரு. நாங்க எல்லாரும் கண்டோம்."

"பீட்ரூட்டுக்க செவப்பு விஷமா மாமி? அப்போ நேத்து பொரியல்னு நாம தின்னது என்ன?"

"அதான் எனக்கு நேத்து நெஞ்சு கரிச்சது" என்றாள் லீலாபாய்.

மறுநாள் ஷைஜா, அனில்குமார் லீலாபாய்க்குக் கொடுத்துவிட்டுப் போன கேனிலிருந்து ஒரு பாட்டில் மிஷின் வெள்ளம் எடுத்து, பையில் ஒளித்துப் பள்ளிக்குக் கொண்டு போனாள். மத்தியானம் ஆய்வகம் காலியாக இருந்தது. பீட்ரூட்டை ஒரே அளவில் நறுக்கி, வெட்டுப்பட்ட இடத்துச் சிவப்பு போகும்வரை கழுவினாள். ஒரு சோதனைக் குழாயில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் மிஷின் வெள்ளம். பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி லேசான ரோஜா நிறம். வித்தியாசம் கிடையாது.

அது அவளுக்குத் தெரிந்ததுதான். பீட்ரூட்டின் சிவப்பு செல்லுக்குள்ளே ஒரு பைக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கும். பையைச் சுற்றி ஒரு சவ்வு, செல்லைச் சுற்றி இன்னொரு சவ்வு. இரண்டும் உயிரோடு இருக்கிறவரை சிவப்பு வெளியே வராது. வந்தால் சவ்வு கிழிந்தது என்று அர்த்தம். செல் செத்தது என்று அர்த்தம். அப்படியானால் அனில்குமார் சவ்வை எப்படிக் கிழிக்கிறார்?

சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். சிவந்தது. ஆனால் ஆவி பறந்தது. ராகேல் வீட்டில் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், ஆவியைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டாள். அதுவும் சிவந்தது, கூடவே நுரைத்தது. கடைசியாக, காலையிலேயே ஆசிரியர் அறை ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டில் போட்டு வைத்திருந்த துண்டுகளை எடுத்து வந்து, குளிர் விட்டபிறகு சாதாரணத் தண்ணீரில் போட்டாள். இரண்டே நிமிஷம். ரத்தம் மாதிரி சிவந்துவிட்டது. ஆவி இல்லை, நுரை இல்லை. செல்லுக்குள் இருக்கிற தண்ணீர் உறையும்போது ஊசி ஊசியாக ஐஸ் வளர்ந்து சவ்வைக் கிழித்துவிடும். துண்டு பார்வைக்கு முழுசாக இருக்கும், உள்ளே ஒரு வாசலும் மிச்சம் இருக்காது.

'அடப் பாவி' என்று ஷைஜா வாய்விட்டே சொன்னாள். கொஞ்சம் மரியாதையோடுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் லீலாபாய் புதுச் செய்தியோடு காத்திருந்தாள். "சனிக்கிழமை நாலு மணிக்கு நம்ம வீட்டுல கூட்டம். அனில் சார் வாறாரு. நீ வாயத் திறக்கப்பிடாது, கேட்டியா?"

"வரட்டும் மாமி. பழம்பொரி நான் போடுறேன்" என்றாள் ஷைஜா.

லீலாபாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த பத்து வருஷத்தில் ஷைஜா தானாக முன்வந்து பழம்பொரி போட்டதில்லை.

சனிக்கிழமை மூன்றரைக்கே அனில்குமார் வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் பைக் ஓட்டி வந்த வியர்வையில் டை கழுத்தோடு ஒட்டியிருந்தது. மிஷினை முன்னறை மேசையில் வைத்தார். ஒரு துணிப் பையை அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார்.

"அத ஃப்ரிட்ஜில வைக்கணுமா சார்?" என்று ஷைஜா கேட்டாள்.

"வேண்டாம் வேண்டாம் டீச்சர். வெளிய இருக்கட்டும்" என்றார் அவசரமாக.

பைக்குள் இரண்டு டப்பா. ஒன்றுக்குப் பச்சை மூடி, ஒன்றுக்கு மஞ்சள் மூடி. ஷைஜா பின்வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். கிணற்றடியில் அவர் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பச்சை மூடியைத் திறந்து ஒரு துண்டைத் தொட்டாள். ஐஸில் கிடந்து இளகியது, கொழகொழவென்று விரலுக்கு வழிவிட்டது. மஞ்சள் மூடியைத் திறந்தாள். ஐஸ் படாத துண்டு, கல் மாதிரி இருந்தது. பச்சை, மிஷின் வெள்ளத்துக்கு. மஞ்சள், கிணற்று வெள்ளத்துக்கு. சந்தேகமே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியும். கூட்டம் கூடியதும் எழுந்து நின்று, 'இது ஐஸில் வைத்த பீட்ரூட்' என்று ஒரு டீச்சருக்கு உரிய விதத்தில் விளக்க வேண்டும். ஆனால் மாமி வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று அங்கே இருந்தது. இரண்டு டப்பாவும் ஒரே அளவு.

ஷைஜா பச்சை மூடியை எடுத்து மஞ்சள் டப்பாவுக்கும், மஞ்சள் மூடியை எடுத்துப் பச்சை டப்பாவுக்கும் போட்டு அழுத்தினாள். பிறகு ஏத்தன் வாழைப்பழத்தை மாவில் முக்கி எண்ணெயில் விட்டாள். பிடிபடுவோமோ என்று பயம் ஒரு பக்கம், வருகிற சிரிப்பை அடக்குவது இன்னொரு பக்கம்.

நாலு மணிக்குப் பன்னிரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ராகேல் முன்வரிசை. ஞானசிங் வாசலில் சாய்ந்து நின்றான். அனில்குமார் நன்றாகவே பேசினார். செல்லைப் பற்றிப் பேசினார், வாசலைப் பற்றிப் பேசினார், கும்பல் வெள்ளம் வாசலில் நெரிபடுவதைத் தோளால் இடித்துக் காட்டினார். பெண்கள் சிரித்தார்கள். ஷைஜாவுக்கே அந்த இடம் பிடித்திருந்தது. அடுத்த வருஷம் வகுப்பில் செய்து காட்டலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு கிளாஸ்கள் வந்தன. ஒன்றில் லீலாபாயின் கிணற்று வெள்ளம். ஒன்றில் மிஷின் வெள்ளம். அனில்குமார் மஞ்சள் மூடியைத் திறந்து, இடுக்கியால் நாலு துண்டு எடுத்துக் கிணற்று வெள்ளத்தில் போட்டார். பச்சை மூடியைத் திறந்து நாலு துண்டை மிஷின் வெள்ளத்தில் போட்டார். கண் முழுக்கக் கூட்டத்தின் மேல்தான்.

"இனி பாருங்க. நம்ம வெள்ளம் என்ன செய்யுதுன்னு நீங்களே பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். கிணற்று வெள்ளத்தில் சிவப்பு நூல் நூலாக இறங்கியது. பிறகு புகையாகப் பரந்தது. கொஞ்ச நேரத்தில் கிளாஸ் முழுக்கச் செக்கச்செவேல். மிஷின் வெள்ளம் மட்டும் பளிங்கு மாதிரி அசையாமல் நின்றது.

அனில்குமார் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரே ஒரு நொடி ரத்தம் வற்றியது. அடுத்த நொடி இரண்டு கையையும் தட்டினார்.

"பாத்தியளா அம்மா! கண்ணால பாத்தியளா! சாதா வெள்ளம் செல்ல உடைச்சு, உள்ள கிடந்த சத்தையெல்லாம் வெளிய இழுத்துப் போட்டுட்டு! நம்ம வெள்ளம் ஒரு துளி சத்தக்கூட வெளிய விடல. செல்லப் பொத்திப் பாதுகாக்குது!"

பெண்கள் தலையாட்டினார்கள். மூடி மாறினால் என்ன, ஆள் மாறமாட்டார் போலிருந்தது.

ராகேல் மட்டும் கையைத் தூக்கினாள். "எங்க வீட்டுல நேர்மாறால்லா இருந்தது. உங்க வெள்ளம் செவந்தது, விஷம் வந்துட்டுன்னு சொன்னிய."

"அது உங்க கிணறு அக்கா. இது வேற கிணறு. உங்க கிணத்து வெள்ளத்துக்கு ஒண்ணும் செய்ய முடியாது, அவ்வளவுதான். இந்த வீட்டுக் கிணத்து வெள்ளம் அதவிட மோசம். செல்லயே அரிச்சுரும். இதத்தான் இத்தன வருஷம் இந்த வீட்டுல குடிச்சுக்கிட்டு இருந்திருக்காவ. பிரஷர் வராம என்ன செய்யும்?"

பெண்கள் மறுபடியும் தலையாட்டத் தொடங்கினார்கள். அப்போதுதான் பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

லீலாபாய் எழுந்து வந்தாள். அந்தக் கிணறு அவள் கல்யாணமாகி வந்த வருஷம் வெட்டியது. எட்டு வீட்டுக்குக் கோடையில் வெள்ளம் கொடுத்தது. அந்த வெள்ளத்தில் போட்ட சாயாவுக்கு ருசி தனி என்று பாஸ்டரே சொல்லியிருக்கிறார். அவள் முகத்தைப் பார்த்த ஞானசிங் வாசலிலிருந்து ஒரு அடி பின்னால் போனான்.

"எனக்க கிணத்து வெள்ளம் செல்ல அரிக்குமா?"

"அம்மா, நான் சொல்ல வந்தது…"

லீலாபாய் கேட்கவில்லை. சிவந்த கிளாஸுக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினாள். துண்டு நசுங்கி, சிவப்பு முழங்கை வரைக்கும் வழிந்தது. மற்ற கிளாஸிலிருந்து ஒன்றை எடுத்து அதேபோல் அமுக்கினாள். நசுங்கவில்லை. பல்லால் கடித்தாள். நறுக்கென்று சத்தம் வந்தது.

"ஏலே, இது ஐஸ்ல வச்சது" என்றாள்.

"இல்ல அம்மா, ரெண்டும் ஒரே பீட்ரூட்டு…"

"ஒரே பீட்ரூட்டா இருக்கும். நான் இல்லன்னு சொல்லல. ஒரு பாதி ஐஸ்ல கிடந்திருக்கு. நாப்பது வருஷமா நான் மீன் வாங்கேன். பச்ச அயிலையும் ஐஸ் அயிலையும் எனக்குத் தெரியாதா? பாத்தா ரெண்டும் ஒண்ணுபோல மினுங்கும். விரல வச்சு அமுக்குனா ஒண்ணு எழும்பும், ஒண்ணு எழும்பாது. ஐஸ் மீனச் சட்டியில போட்டா மசாலா பிடிக்குமுன்னே வெள்ளம் விட்டுட்டுக் கிடக்கும். இது ஐஸ் பீட்ரூட்டு. எனக்க கிணத்த எதுக்குலே சொல்லுக?"

முன்வரிசையில் ஒரு சிரிப்பு தொடங்கி மூன்றாம் வரிசை வரைக்கும் போயிற்று.

"ராகேலு, நாலு கிளாஸ் எடுத்துட்டு வா."

நாலு கிளாஸ் வந்தது. இரண்டில் கிணற்று வெள்ளம், இரண்டில் மிஷின் வெள்ளம் ஊற்றச் சொன்னாள். ஒரு கிணற்று வெள்ளத்திலும் ஒரு மிஷின் வெள்ளத்திலும் கடினமான துண்டைப் போட்டாள். மிச்சம் இரண்டிலும் தளர்ந்த துண்டைப் போட்டாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

ஷைஜாவுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பதினோரு வருஷமாக ஒப்பீட்டுச் சோதனையை எப்படி அமைக்க வேண்டும் என்று அவள் பிள்ளைகளிடம் கத்திக்கொண்டிருக்கிறாள். ஒருத்தன்கூட நாலு குழாய் வைத்ததில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்திய மாமி கோபத்தில் செய்துவிட்டாள்.

தளர்ந்த துண்டு போட்ட இரண்டு கிளாஸும் சிவந்தன. கடினமான துண்டு போட்ட இரண்டும் அப்படியே நின்றன. எந்த வெள்ளம் எது என்று பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை.

அனில்குமார் நாற்காலியில் உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார். "கன்னியாகுமரியில ஒரு லாட்ஜுல மூணு நாள் டிரெயினிங் தந்தாவ" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்க லீடருதான் பச்ச மூடி டப்பாவ ஃப்ரீஸர்ல வைக்கணும்னு சொன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். வெள்ளம் வேகமா வேல செய்யும்னு சொன்னாரு. நான் பிகாம் படிச்சவன் அம்மா. எனக்கு என்ன தெரியும்?"

அந்தப் பெண்கள் எதிர்பார்த்தது சண்டை. லீலாபாய் சண்டை போடவில்லை. "டீச்சரே, அவனுக்கு ஒரு சாயா குடு" என்றாள். அவர் பழம்பொரி தின்று சாயா குடித்து முடிக்கும்வரை யாரும் எழும்பவில்லை. தின்று முடித்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, மிச்சமிருந்த சாயாவோடு விழுங்கினார். பழக்கத்தில் செய்ததுதான். கை வாய்க்குப் போனபிறகுதான் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள் என்று அவருக்கு ஓர்மை வந்தது.

"அது என்ன மாத்திரை?" என்று ராகேல் கேட்டாள்.

"பிரஷருக்கு" என்றார் மெல்ல.

லீலாபாய் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அதே மாத்திரை. நடுவில் அதே கோடு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழுந்த சிரிப்பு ரோட்டு வரைக்கும் கேட்டதாம். அனில்குமாரும் சிரித்தார், வேறு வழியில்லாமல்.

போகும்போது மிஷினைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "டீச்சர், ஐஸ்ல வச்சா மட்டும் ஏன் செவப்பு வெளிய வருது?" என்று கேட்டார். ஷைஜா சவ்வைப் பற்றியும், ஐஸ் ஊசி அதைக் கிழிப்பதைப் பற்றியும் சொன்னாள். இரண்டு மூன்று கேள்வி கேட்டார். எல்லாம் நல்ல கேள்வி. "இத எவனும் சொல்லித் தரலியே" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு இப்போது திங்கள்சந்தையில் ஒரு செருப்புக் கடையில் நிற்கிறார் என்று பிற்பாடு ராகேல் சொன்னாள்.

அன்று சாயங்காலமே லீலாபாய் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். 'நீ சொல்லி ஒண்ணும் திங்கல. அந்தப் பயலே திங்கான்லா, பின்ன எனக்கு என்ன?' என்றாள். மறுவாரம் டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் இடையில் நிறுத்தியதற்கு நன்றாகத் திட்டினார். லீலாபாய் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். மூன்று வாரத்தில் பிரஷர் பழைய நிலைக்கு வந்தது. சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவள் இந்தக் கதையை இரண்டு தரம் சொன்னாள். சொன்ன இரண்டு தரமும் ஷைஜா அதில் பழம்பொரி போட்டதோடு சரி.

அதில் ஷைஜாவுக்கு வருத்தமில்லை. அவளை அரித்தது வேறு. ஒரு டீச்சர் ஒரு சோதனையின் முடிவைத் திருட்டுத்தனமாக மாற்றியிருக்கிறாள். எந்தப் பிள்ளையாவது செய்திருந்தால் ரெக்கார்டு நோட்டைக் கிழித்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து இரண்டு பேரும் நடந்து வரும்போது சொல்லிவிட்டாள்.

"மாமி, அன்னைக்கு அந்த டப்பாக்க மூடிய மாத்தி வச்சது நான்."

லீலாபாய் நின்றாள். குடையைச் சாய்த்து அவளைப் பார்த்தாள்.

"அப்போ, நீ மாத்தலன்னா எது செவந்திருக்கும்?"

"மிஷின் வெள்ளம்."

"கிணத்து வெள்ளம்?"

"அப்படியே இருந்திருக்கும்."

லீலாபாய் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தாள். மாமி மருமகளின் புத்திசாலித்தனத்தை நினைத்துப் பெருமைப்படப் போகிறாள், அல்லது 'நீதானாட்டி செஞ்ச' என்று தட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று ஷைஜா நினைத்தாள்.

"ஏட்டி," என்றாள் லீலாபாய், "அப்போ பன்னிரெண்டு பேரு முன்னால எனக்க கிணத்துக்குக் கெட்ட பேரு வாங்கித் தந்தது அவன் இல்ல. நீ!"

"மாமி, நான் நல்லதுக்குத்தான்…"

"இன்னைக்கே பன்னிரெண்டு வீட்டுக்கும் போற. கிணத்து மேல ஒரு குத்தமும் இல்லன்னு உனக்க வாயால சொல்லுக. நானும் கூட வாறேன்."

"இப்பவா? வெயிலு…"

"மொதல்ல ராகேல் வீடு" என்று சொல்லிவிட்டு லீலாபாய் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தோள் இரண்டும் குலுங்கியதைப் பார்த்தால் அவள் சிரிப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. ஆனாலும் பன்னிரண்டு வீட்டில் ஒரு வீட்டைக்கூட அவள் குறைக்கவில்லை. ஏழாவது வீட்டில் கொடுத்த சாயாவை ஷைஜாவால் குடிக்க முடியவில்லை. லீலாபாய் அதையும் வாங்கிக் குடித்துவிட்டு, "எங்க வீட்டு வெள்ளத்துல போட்டா இதவிட நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.